அறிந்து தரும் இசைவு

மலைநாட்டின் வரலாற்றைச் சொல்ல வந்தோர் பலரும் கோப்பியிலே தொடங்கித் தேயிலையிலே முடிப்பர். அவ்விரண்டுக்கும் இடையே வேறொரு மரம் இம்மலைச் சாரல்களில் ஓங்கி வளர்ந்து, சில ஆண்டுகளே கோலோச்சிப் பின் மறைந்தது. அதனை நூலோர் சிங்கோனா என்பர்; நம்மவர் கொயினா மரம் என்பர். தென்னமெரிக்க மலைகளுக்குரிய அம்மரத்தை இலங்கையிற் பயிரிடுவதற்கென்றே 1861ஆம் ஆண்டில் நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் ஒரு பூங்கா அமைக்கப்பட்டது. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டை மலைப்பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ல் தேயிலை பயிரிட்டுப் புகழ் கொண்ட ஜேம்ஸ் டெயிலர், சிங்கோனாவையும் அங்கே வளர்த்தார். 1891ல் தோட்டத் துரைமார் அவருக்குப் பரிசில் வழங்கியபோது, தேயிலை, சிங்கோனா என்னும் இரு தொழில்களுக்கும் அடிகோலியவர் என்றே அவரைப் போற்றினர்.

1869ல் கோப்பி இலையில் நோய் தோன்றித் தோட்டங்கள் பாழாகத் தொடங்கவே, துரைமார் பலர் இம்மரத்தை நாடினர். 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறிற்று. சந்தையிற் சரக்குக் குவிந்தது, விலை வீழ்ந்தது, மரங்கள் வெட்டுண்டு தேயிலைக்கு இடம் விட்டன. பட்டையினின்று எடுத்த கொயினா மட்டும் மலேரியாவுக்கு மருந்தாக நின்று நிலைத்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்த மலேரியாக் கொள்ளைநோயின்போது அக்கசப்பு மருந்தே மக்களின் துணையாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது.

நோய் போயிற்று, மருந்தின் குலம் போகவில்லை. கொயினாவின் வழியிலே வேதியியலார் ஆக்கிய மருந்துகளுள் ஒன்று ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்பது. அது இன்று வேறொரு நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குகின்றது. அந்நோயின் பெயர் லூபஸ். மலேரியாவுக்கென்று பிறந்த மருந்து லூபசுக்கு உதவும் என்பதை அறிந்தது எங்ஙனம்? யாருடைய உடலில் அறிந்தனர்? அவர்களிடம் இசைவு கேட்டனரா? கேட்டனராயின் எந்த மொழியிற் கேட்டனர்? இவ்வினாக்கள் மருத்துவருக்கு மட்டும் உரியனவல்ல. மொழி கற்பிக்கும் நமக்கும் இவற்றிற் பங்குண்டு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓநாயின் பெயர் பெற்ற நோய்

லூபஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும். முகத்துத் தோலை அரித்துத் தழும்பாக்கும் நோய்களைக் கண்ட பழைய ஐரோப்பிய வைத்தியர், ஓநாய் கடித்தாற் போன்றிருந்தமையால் இப்பெயரைச் சூட்டினர். 1851ல் கசெனாவ் என்னும் பிரெஞ்சு வைத்தியர் செந்நிறத் தடிப்புடைய வகையைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். 1872ல் வியன்னா நகரத்துக் கப்போசி, இது தோலோடு நில்லாது உள்ளுறுப்புக்களையும் தாக்கவல்லது என்று எடுத்துரைத்தார். 1948ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்சும் அவருடன் இருந்தோரும் இந்நோயாளரிடம் ஒருவகை உயிரணுவைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே நோயை ஐயமற இனங்காண வழி பிறந்தது.

நகரத்தைக் காக்க நிறுத்திய காவலர், ஒருநாள் நகரத்தாரையே பகைவரென எண்ணி வாளோங்கினால் என்னாகும்? லூபஸ் நோயில் நிகழ்வது அதுவே. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பமைப்பு, தன் உயிரணுக்களின் கருவையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது. மூட்டுக்கள் நோகும், களைப்பு நீங்காது, மயிர் உதிரும், வாயிற் புண் தோன்றும், கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலச் செம்மை படரும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதுறும். அப்போது சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். நோயுற்றோர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களிற் பெரும்பாலார் பதினைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர்.

வெயில் படுவது இந்நோயைக் கிளறிவிடும். நிழலில் இருந்து தொழில் செய்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. காலை முதல் மாலை வரை மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவளுக்கோ, பிழைப்பையும் உடலையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கு. களைப்பையும் மூட்டு நோவையும் வேலையின் பயனென்றே எண்ணி ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்பவரும் உளர். ஆதலின் இந்நோயின் குறிகளை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

47 பேர் தந்த விடை

1894ல் இலண்டனில் பெயின் என்னும் வைத்தியர், லூபஸ் தோல்நோய்க்குக் கொயினா பயன்படுவதாக உரைத்தார். 1951ல் அந்நகரத்திலேயே பேஜ் என்பவர், மலேரியாவுக்குரிய மெப்பக்கிரின் என்னும் மருந்தால் லூபஸ் தணிவதை எழுதினார். 1955ல் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் அனுமதி பெற்று வழக்கிற்கு வந்தது. வைத்தியர் பலர் கொடுத்தனர். நோயாளர் பலர் குணங்கண்டதாகக் கூறினர். எனினும் லூபஸ் தானே எழுந்து தானே தணியும் இயல்புடையது. தணிந்தது மருந்தாலா, இயல்பாலா என்று எவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

அவ்வினாவுக்குக் கனடாவில் ஒரு பரிசோதனை விடை கண்டது. அதன் முடிவு 1991ல் வெளியாயிற்று. அம்மருந்தை உட்கொண்டு நோய் தணிந்திருந்த 47 பேர் அதிற் பங்குகொண்டனர். 25 பேர் மருந்தைத் தொடர்ந்தனர். 22 பேர் உருவத்தில் அதனையே ஒத்த, மருந்தில்லாத மாத்திரையைப் பெற்றனர். யார் எதனைப் பெற்றார் என்பதை நோயாளரும் அறியார், அவரைப் பார்த்த வைத்தியரும் அறியார். 24 வாரம் கழிந்தபின் கணக்கெடுத்தபோது, மருந்தைத் தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கு நோய் மீண்டும் கிளர்ந்திருந்தது. மருந்தில்லா மாத்திரை பெற்ற 22 பேரில் 16 பேருக்குக் கிளர்ந்திருந்தது. நோய் தணிந்தபின்னும் மருந்தை நிறுத்தலாகாது என்பது அன்று தெளிவாயிற்று.

இன்று கண்டியில் ஒரு பெண் நோய் தணிந்த நாளிலும் தவறாது இம்மாத்திரையை விழுங்குகிறாளாயின், அதற்குக் காரணர் பெயரறியாத அந்த 47 பேர். அவர்களுள்ளும் நோய் மீண்டும் கிளரப்பெற்றவர் கொடுத்த விலை பெரிது. தம் நலங் கருதாது பிறர்க்கு ஈந்தோரை நம் இலக்கியம் வள்ளல் என்று வாழ்த்தும். இவரையும் அவ்வரிசையில் வைத்தல் மிகையாகாது.

குடவோலையும் குருட்டுச் சோதனையும்

ஒருசாரார்க்கு மருந்தும் ஒருசாரார்க்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுப்பதென்றால், யாருக்கு எது என்று வகுப்பவர் யார்? வைத்தியர் வகுப்பாராயின், அவர் அறியாமலே அவருடைய இரக்கமும் எதிர்பார்ப்பும் உட்புகும். நோய் முற்றியவளுக்குப் புதுமருந்தைக் கொடுக்கக் கை நீளும். அல்லது தேறக்கூடியவளுக்கே கொடுத்து மருந்தின் புகழை நிலைநாட்ட மனம் விழையும். ஆதலால் அவ்வகுப்பு மனிதர் கையை விட்டுச் சீட்டின் கைக்கு மாற்றப்படுகின்றது.

இம்முறையின் உட்பொருள் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தெரிந்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். எல்லாரும் காணக் குடத்தைக் குலுக்குவர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். அச்சிறுவனை ஏன் வைத்தனர்? அறிந்தவன் கை அறிந்த பெயரையே தேடும் என்பதனால் அன்றோ! தகுதியை முன்னரே வரையறுத்தல், பலரறியக் குலுக்குதல், அறியாதவன் கையால் எடுத்தல் ஆகிய மூன்றும் இன்றைய மருத்துவப் பரிசோதனையின் மூன்று தூண்களாகவும் உள்ளன. முன்னோர் ஊராட்சிக்குக் கண்ட நெறியை இன்றையோர் மருந்தாட்சிக்குக் கண்டனர் எனலாம்.

இந்நெறி இன்றி நடந்தால் வருந்தீங்கை 2020ஆம் ஆண்டு உலகறியக் காட்டிற்று. கொரோனாக் கொள்ளைநோயின் தொடக்கத்தில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதற்கும் மருந்தாகும் என்ற பேச்சு எங்கும் பரவிற்று. ஆய்ந்தறியாமலே மக்கள் வாங்கிக் குவித்தனர். பல நாடுகளில் லூபஸ் நோயாளர் தமக்குரிய மாத்திரை கிடையாது அலைந்தனர். பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி என்னும் பரிசோதனையில் 1,561 பேருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. 3,155 பேருக்கு வழமையான பராமரிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர் மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 27; பெறாதவரில் நூற்றுக்கு 25. பயனில்லை என்பதைச் சில மாதங்களிலேயே அது நிறுவிற்று. ‘இல்லை’ என்ற விடையும் அறிவே.

லூபஸ் ஆராய்ச்சியிலும் ‘இல்லை’கள் பல. ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தின்மேற் பெருநம்பிக்கை வைத்து நடத்திய இரு பரிசோதனைகளும் 2010லும் 2012லும் எதிர்பார்த்த பயனைக் காட்டாது முடிந்தன. அனிபுரோலுமாப் என்ற மருந்து, முதற் பெரும் பரிசோதனையில் 2018ல் குறித்த இலக்கை எட்டவில்லை. இரண்டாவதில் வேறோர் அளவுகோலால் எட்டிற்று. 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில், நோயாளியின் வெண்ணணுக்களையே எடுத்துத் திருத்தி மீளச் செலுத்தும் புதுமுறையால் ஐவர் நோய் தணியப் பெற்றதாக 2022ல் அறிவித்தனர். ஐவர் என்பது சிறுதொகை. அது நிலைபெறுமா என்பதைப் பெரிய பரிசோதனைகளே கூறவேண்டும்.

நம்மவர் பங்கு

1955ல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த கணக்கின்படி, லூபஸ் என்று இனங்காணப்பட்டவருள் நான்காண்டு கடந்து வாழ்ந்தோர் ஏறக்குறையப் பாதிப்பேரே. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். இம்மாற்றம் ஒரு மருந்தால் வந்ததன்று. சிறிது சிறிதாக, பரிசோதனை மேற் பரிசோதனையாக வந்தது. 2011 மார்ச்சில் பெலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, லூபசுக்கென அங்கே ஒரு புதுமருந்து வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவ்வனுமதிக்கு அடிப்படையான இரு பரிசோதனைகளில் 1,684 பேர் பங்குகொண்டனர். அவற்றுள் ஒன்று இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்தது. அதில் உயர்ந்த அளவு மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 58 பேரும், மருந்தில்லா ஊசி பெற்றவரில் நூற்றுக்கு 44 பேரும் குணங்கண்டனர். வெறும் ஊசி பெற்றவரை மருத்துவமின்றிக் கைவிட்டனர் என்று எண்ணற்க. வழமையான மருந்துகள் இருசாரார்க்கும் தொடர்ந்தன. புதுமருந்து அவற்றின்மேற் சேர்ந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

பிறநாட்டார் பங்குகொண்டால் போதாதா, நம்மவர் ஏன் சேரவேண்டும் என்று கேட்கலாம். பர்மிங்காம் நகரில் 1990களில் எடுத்த கணக்கு, அங்குள்ள வெள்ளையரைக் காட்டிலும் தெற்காசிய வழியினரிடையே லூபஸ் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. சிறுநீரகப் பாதிப்பும் ஐரோப்பிய வழியினரினும் பிறரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஒரு மக்களுக்கு ஒத்த மருந்தளவு மற்றொரு மக்களுக்கும் ஒக்கும் என்று கொள்வது, ஒரு நிலத்துக்குரிய விதைநெல்லை ஆராயாது எல்லா நிலத்திலும் விதைப்பது போன்றதாகும்.

இதற்குச் சண்டிகர் நகரம் நல்ல சான்று தருகின்றது. சிறுநீரகம் தாக்குண்ட லூபசுக்கு மைக்கோபினோலேட் என்னும் மாத்திரையும், சைக்ளோபொஸ்பமைட் என்னும் ஊசிமருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுவதும் வழக்கில் உள்ளன. குறைந்த அளவு போதும் என்பதை 2002ல் 90 பேரைக் கொண்ட ஐரோப்பியப் பரிசோதனை நிறுவியது. ஐரோப்பியர்க்குப் போதியது நம்மவர்க்கும் போதுமா? சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 100 நோயாளரை இரு கூறாக்கி இரண்டையும் ஒப்பிட்டு 2016ல் முடிவு வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றிலும் நூற்றுக்கு 74 பேர் குணங்கண்டனர். ஊசி மருந்தோ விலை குறைந்தது. பணமில்லாத குடும்பத்துக்கும் பயனுள்ள மருத்துவம் உண்டு என்று உறுதியாகச் சொல்ல, நம் பக்கத்து மக்கள் 100 பேர் வேண்டியிருந்தது.

உரிமையும் காவலும்

பரிசோதனை என்னும் சொல்லைக் கேட்டதும் ஏழைகள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் டஸ்கிகீ என்னும் ஊரில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆடவர் ஏறக்குறைய 600 பேர் ஓர் ஆய்வில் வைக்கப்பட்டனர். அவருள் மேகநோய் கொண்டிருந்த 399 பேருக்கு அவர் நோய் இன்னதென்று சொல்லப்படவில்லை. குணமாக்கும் பெனிசிலின் வழக்கிற்கு வந்தபின்னும் கொடுக்கப்படவில்லை. 1997ல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், இறந்தோர் கேட்டிலர்.

இத்தகைய கொடுமைகள் மீண்டும் நிகழாவண்ணம் 1964ல் உலக மருத்துவ சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வகுத்தது. அறிந்து தரும் இசைவு இன்றி எவரையும் பரிசோதனைக்கு உட்படுத்தலாகாது, சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதனால் அவருக்குரிய மருத்துவம் குறையலாகாது என்பன அதன் உயிர்நாடி. 2024ல் அதனைத் திருத்தியபோது ஒரு சொல்லை மாற்றினர். அதுவரை ‘ஆய்வுக்கு உட்பட்டவர்’ எனப்பட்டோர் அன்று முதல் ‘பங்கேற்பாளர்’ ஆயினர். ஒரு சொல்லின் மாற்றம் ஓர் உறவின் மாற்றம் என்பதை மொழியாசிரியர் எவரும் உணர்வர்.

இலங்கையிலும் காவல்கள் உண்டு. இலங்கை மருத்துவ சங்கத்தின் பொறுப்பில் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு 2006 முதல் இயங்குகின்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, மருந்துப் பரிசோதனைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம் உடையது. 1962ல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடத்திலும் ஆய்வுகளை முன்கூட்டியே ஆராயும் ஒழுக்க நெறிக் குழு உண்டு. தமிழோ, 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. ஆகவே தமிழ் நோயாளியிடம் தமிழிற் கேட்பது சலுகையன்று, உரிமை. கேட்கும் தமிழ் அவருக்கு விளங்குவதாயிருத்தல் அவ்வுரிமையின் உயிர்.

ஒரு தாளும் ஒரு கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தி வந்தாள். கண்டியை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்தவள், லூபஸ் நோயுற்றவள். ஒரு பரிசோதனைக்குரிய தகவல் தாளை நீட்டினாள். தாள் தமிழிலேதான் இருந்தது. அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. ‘இரட்டைக் குருட்டுச் சோதனை’ என்று அங்கே அச்சாகியிருந்தது. இரண்டு வரி தள்ளி, கண் பரிசோதனை ஆண்டுதோறும் செய்யப்படும் என்ற செய்தியும் இருந்தது. “ஐயா, இதிலே சேர்ந்தால் ரெண்டு கண்ணும் போயிடுமாங்க? போனாலும் சம்மதம்னு இல்லையா கையெழுத்துக் கேட்கிறாங்க?” என்றாள்.

உண்மை என்ன? நோயாளர், வைத்தியர் ஆகிய இருசாரார்க்கும் எவர் எதனைப் பெறுகிறார் என்று தெரியாது என்பதை ஆங்கிலத்தார் தம் மரபிலே ‘இரட்டைக் குருடு’ என்கின்றனர். கண் பரிசோதனையோ, அவள் முன்னரே உட்கொண்டுவந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்குரியது. அம்மருந்து நெடுங்காலத்தில் அரிதாக விழித்திரையைத் தாக்கக்கூடும். அதனால் நாளொன்றுக்கு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராமை மிகாமற் கொடுப்பர். தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்தாண்டின் பின் ஆண்டுதோறும் கண்ணைப் பார்ப்பர். இரு வேறு செய்திகள், ஒரு சொல்லின் குற்றத்தால் ஒன்றாகி, அந்தப் பெண்ணின் நெஞ்சில் இருளாகக் கவிந்தன. அவள் எழுத்தறியாதவளல்லள், என்னிடம் நன்னூல் படித்தவள். தாளே அவளை எழுத்தறியாதவள் ஆக்கிற்று. வைத்தியரிடம் கேட்பதற்குரிய வினாக்களை இருவருமாக எழுதினோம். பின்னர் அவள் சேர்ந்தாளா, மறுத்தாளா என்று நான் வினவவில்லை. அது அவளுக்கே உரிய முடிபு.

சொற்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். மருந்தில்லாத மாத்திரையைக் கலைச்சொல் ஆக்குவோர் ‘மருந்துப்போலி’ என்பர். இலக்கணம் கற்றார்க்கு இச்சொல் இனிக்கும். ஓரெழுத்தின் இடத்தில் வேறோரெழுத்து வந்தும் பொருள் மாறாதிருப்பதைப் போலி என்பது நம் இலக்கணம்; அகம் அகன் ஆவதில் வஞ்சனை யாதும் இல்லை. ஆனால் சந்தையில் போலி என்றால் ஏமாற்று. கையெழுத்திடுபவள் சந்தையின் பொருளையே கொள்வாள். அவளுக்கு ‘மருந்தில்லா மாத்திரை’ என்றே சொல்லுக. ‘எழுமாற்றுப் பகிர்வு’ என்பது கணிதம் படித்தவர்க்கு விளங்கும். மற்றவர்க்குச் ‘சீட்டுக் குலுக்கிப் பிரித்தல்’ என்க. ‘இரட்டைக் குருடு’ வேண்டா. ‘இருவரும் அறியா முறை’ போதும். ‘பாதக நிகழ்வு’ என்பதினும் ‘மருந்தால் வரக்கூடிய தீங்கு’ தெளிவு. ‘தகவலறிந்த சம்மதம்’ என்பதை ‘அறிந்து தரும் இசைவு’ எனலாம். இசைவு என்னும் சொல்லில் இருவர் குரலும் ஒத்து ஒலிக்கும் பொருளும் உண்டு. ஒருவர் மட்டும் பேசி மற்றவர் ஒப்பமிடுவது இசைவாகாது.

முன்னோர் காட்டிய வழி

இப்பணி நமக்குப் புதியதன்று. 1847ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884), தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைப் போதித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. இரணம் என்னும் வழக்குச் சொல் கிடைத்தபோது அதனை ஆண்டார். கிடையாதபோது கெமிஸ்தம் என அயற்சொல்லின் ஒலியையே தமிழாக்கிக் கொண்டார். தூய்மை பெரிதா, தெளிவு பெரிதா என்ற வழக்கில் அவர் நோயாளியின் பக்கமே நின்றார். மொழிபெயர்ப்பை அவர் தனியாளாகச் செய்யவுமில்லை; தமிழ் கற்ற மாணவரும் அறிஞரும் உடனிருந்தனர். வைத்தியர் பொருளைக் கூறப் புலவர் சொல்லைக் கூறப் பிறந்த நூல்கள் அவை.

அக்கூட்டு இன்று மீண்டும் வேண்டும். தகவல் தாள் ஒன்று அச்சேறுமுன், வைத்தியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் அருகருகே இருந்து அதனைப் படிக்கவேண்டும். பின்பு, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவருக்கு அதை உரக்கப் படித்துக்காட்டி, அவர் விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். திருப்பிச் சொல்லும்போது தட்டுப்படும் இடமே திருத்தவேண்டிய இடம். ஒழுக்க நெறிக் குழுக்களில் மருத்துவரல்லாதாரும் இடம்பெறுவது உலக வழக்கு. தமிழாசிரியர் அவ்விடத்துக்கு முன்வருதல் தகும்.

பள்ளியிலும் ஒன்று செய்யலாம். விண்ணப்பம் எழுதவும் வாழ்த்துமடல் எழுதவும் பயிற்றுகிறோம். கையெழுத்திடுமுன் ஒரு தாளைப் படிப்பது எப்படி என்றும் பயிற்றுவோம். இந்த ஆய்வு எதற்காக? எனக்கு இப்போது கிடைக்கும் மருந்து நிற்குமா, தொடருமா? எத்தனை முறை வைத்தியசாலைக்கு வரவேண்டும். அந்நாட்களின் கூலி போனால் ஈடு உண்டா? என்ன தீங்கு நேரலாம். நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது? கருவுற்றால் என்ன செய்வது? ஆய்வு முடிந்தபின் அம்மருந்து எனக்குக் கிடைக்குமா? எந்தக் குழு இதற்கு அனுமதி தந்தது? விலகினால் என்னாகும்? இவ்வெட்டு வினாக்களையும் கேட்கத் தெரிந்த பெண்ணை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது; வீண் அச்சமும் அவளை அணுகாது. அறிந்தபின் அவள் ‘ஆம்’ என்றாலும் நன்று, ‘இல்லை’ என்றாலும் நன்று.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவரையே முதலில் வைத்தார். வைத்தியர், மருந்து, பணிவிடை செய்வோர் ஆகியோர் அவருக்குப் பின்னரே வருகின்றனர். அவ்வரிசை பிறழாதிருக்க வேண்டுமாயின், முதலில் நிற்பவர்க்குத் தம்மிடம் கேட்கப்படுவது என்னவென்று விளங்கவேண்டும். அதற்குரிய சொற்களைத் தேடித் தருவது நம் கையில் உள்ளது. ஆசிரியர்காள்! அடுத்த முறை யாரேனும் ஒரு மருத்துவத் தாளோடு உங்கள் வாயிலுக்கு வந்தால், அதை மருத்துவர் காரியம் என்று திருப்பி அனுப்பாதீர். பக்கத்தில் இருத்தி, வரிவரியாகப் படித்து, விளங்காத சொல்லின் கீழ்க் கோடிடுங்கள். அக்கோடுகளைத் திரட்டி உரியவர்க்கு அனுப்பினால், அடுத்து அச்சாகும் தாள் சிறிது நல்ல தமிழில் வரும்.